மின்சிகரெட்டும் பேட்டரியும்: பட்டனை அழுத்தும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

2003-இல் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர் மின்சிகரெட்டை உருவாக்கினார். சில ஆண்டுகளுக்குள் அது அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆரம்பத்தில் வந்தவை சிகரெட் வடிவத்திலேயே இருந்த சின்னக் கருவிகள். பேட்டரியும் சின்னது, சீக்கிரம் தீர்ந்துவிடும். இதில் திருப்தி அடையாத சிலர் டார்ச் லைட் குழாய்க்குள் பெரிய பேட்டரியைப் போட்டுத் தாங்களே ஒரு கருவி செய்துகொண்டார்கள். மாற்றியமைத்தது என்ற பொருளில் அதற்கு 'மாட்' என்று பெயர் வந்தது. பின்னாளில் கடையில் விற்ற பெரிய கருவிகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு வகை 'மெக்கானிக்கல் மாட்'. ஒரு உலோகக் குழாய், உள்ளே ஒரு பேட்டரி, ஒரு பட்டன், மேலே ஒரு கம்பிச் சுருள். அவ்வளவுதான். சர்க்யூட் போர்டு கிடையாது, ஃபியூஸ் கிடையாது. பட்டனை அழுத்தினால் பேட்டரி நேராகச் சுருளோடு இணையும், சுருள் சூடாகும், திரவம் ஆவியாகும். இடையில் எதுவுமே இல்லை என்பதுதான் இதன் ரசிகர்களுக்குப் பெருமை.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நிக்கோடின் உடம்புக்கு என்ன செய்யும் என்பது தனி விவாதம், அது இங்கே வேண்டாம். இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. ஒரு பொருளிலிருந்து பாதுகாப்பை எடுத்துவிட்டு, "கணக்குப் போட்டுப் பயன்படுத்திக்கொள்" என்று வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமா?

18650 என்ற எண்ணின் கதை

இந்தக் கருவிகளில் அதிகம் பயன்படுவது 18650 என்ற லித்தியம் அயான் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி பூஜ்யம் உருளை வடிவம் என்பதற்கு. பெயரில் இருப்பது அளவு மட்டுமே. எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்பதற்கு அதில் எந்தத் தகவலும் இல்லை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு செல்களில் ஒன்று நல்ல குதிரையாகவும் இன்னொன்று நொண்டிக் குதிரையாகவும் இருக்கலாம்.

முழுவதும் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். சராசரியாக 3.6 அல்லது 3.7 வோல்ட். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விட்டால் உள்ளே நிரந்தரச் சேதம் தொடங்கும், 4.2-ஐத் தாண்டி ஏற்றினால் ஆபத்து. லேப்டாப்பில் இந்த எல்லைகளை ஒரு சின்ன சர்க்யூட் காவல் காக்கிறது. மெக்கானிக்கல் மாடில் காவல்காரர் யாரும் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது? நேர்முனைத் தகடு, எதிர்முனைத் தகடு, இரண்டையும் பிரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றையும் நனைத்திருக்கும் எளிதில் தீப்பற்றும் திரவம். அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்தால் செல் சூடாகும். சூடு மிஞ்சினால் பிளாஸ்டிக் தாள் உருகும், தகடுகள் தொட்டுக்கொள்ளும், இன்னும் சூடு. அதன் பிறகு நிறுத்த முடியாது. செல் வாயுவைக் கக்கும். அந்த வாயு வெளியேற வழியில்லாத உலோகக் குழாய்க்குள் அது இருந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழாயை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

பள்ளிக்கூட விதி

ஓம் விதி எல்லோரும் படித்ததுதான். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம்.

சுருள் 0.5 ஓம் என்றால்: 4.2 ÷ 0.5 = 8.4 ஆம்பியர்.
சுருள் 0.2 ஓம் என்றால்: 4.2 ÷ 0.2 = 21 ஆம்பியர்.
சுருள் 0.1 ஓம் என்றால்: 4.2 ÷ 0.1 = 42 ஆம்பியர்.

இப்போது செல்லைப் பாருங்கள். சாம்சங் 25ஆர் என்ற செல்லின் கொள்ளளவு 2500 மில்லி ஆம்பியர்-மணி, தொடர்ந்து 20 ஆம்பியர் தாங்கும். பானாசோனிக் என்.சி.ஆர். 18650பி என்ற செல்லின் கொள்ளளவு ஏறக்குறைய 3400. ஆனால் அது தாங்குவது 7 ஆம்பியருக்கும் குறைவு. அதாவது 0.5 ஓம் சுருளுக்கு 2500 செல் போதும், 3400 செல் போதாது! "பெரிய எண் என்றால் நல்ல பேட்டரி" என்று நினைத்து வாங்குபவர் இங்கேதான் ஏமாறுகிறார். கொள்ளளவு என்பது தொட்டியின் அளவு, ஆம்பியர் என்பது குழாயின் அகலம். பெரிய தொட்டிக்கு அகலமான குழாய்தான் இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இரண்டு செல்களைத் தொடராக அடுக்கினால் 8.4 வோல்ட். அதே 0.5 ஓம் சுருள் இப்போது 16.8 ஆம்பியர் இழுக்கும். சுருள் மாறவில்லை, ஆபத்து இரட்டிப்பாகிவிட்டது.

இதற்கு மேல் போலிகள் வேறு. 9900 என்று அச்சடித்த 18650 செல்கள் இணையத்தில் மலிவாக விற்கப்படுகின்றன. இந்த அளவு செல்லில் 4000 என்பதே அரிய உயரம். பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, மேலே புது உறை போட்டு, புதிய பெயரில் விற்பதும் உண்டு. அசல் செல் ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருப்பதை நம்பவே கூடாது.

"கணக்குத் தெரிந்தவனுக்குப் பயமில்லை" என்ற வாதம்

மெக்கானிக்கல் மாட் ரசிகர்கள் சொல்வது இதுதான்: "ஓம் விதி தெரியாதவர்கள்தான் விபத்தில் சிக்குகிறார்கள். தெரிந்தவர்களுக்கு இது பாதுகாப்பானது." இதில் பாதி உண்மை இருக்கிறது. கணக்குத் தெரியாதவர் இதைத் தொடவே கூடாது. ஆனால் மீதிப் பாதி?

முதலாவது, கணக்குக்கு வேண்டிய அளவையே சரியாக எடுப்பது கஷ்டம். சாதாரண மல்டிமீட்டரின் வயர்களுக்கே 0.1 முதல் 0.3 ஓம் வரை மின்தடை இருக்கும். மீட்டர் 0.4 காட்டினால் சுருள் உண்மையில் 0.2 ஆக இருக்கலாம். 10.5 ஆம்பியர் என்று நம்பி அழுத்துபவர் 21 ஆம்பியரை இழுத்துக்கொண்டிருப்பார். கணக்கில் தவறில்லை, கணக்கில் போட்ட எண்தான் தவறு.

இரண்டாவது, பேட்டரியின் உறை. 18650 செல்லில் மேலே உள்ள சின்னப் பொத்தான் மட்டும்தான் நேர்முனை. அதைச் சுற்றியுள்ள விளிம்பு உட்பட மற்ற உலோக உடல் முழுவதும் எதிர்முனை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு காகித வளையம், ஒரு பிளாஸ்டிக் உறை. அந்த உறை தோள்பட்டைப் பக்கம் நகக்கீறல் அளவு கிழிந்து, குழாயின் உலோகம் அங்கே பட்டால் போதும், ஷார்ட் சர்க்யூட். சுருளின் மின்தடைக்கு அங்கே வேலையே இல்லை, ஓம் விதி மனப்பாடமாகத் தெரிந்திருந்தாலும் பயனில்லை. சட்டைப்பையில் சாவியோடும் சில்லறையோடும் உதிரி செல்லைப் போட்டாலும் இதே கதைதான்.

மூன்றாவது, மனிதர் மறப்பார். முதல் நாள் பத்து முறை சரிபார்ப்பவர் நூறாவது நாள் பார்க்க மாட்டார். ஃபியூஸ் மறக்காது. வீட்டில் எல்லோருக்கும் மின்சாரம் பற்றித் தெரியும் என்று சொல்லி யாராவது ஃபியூஸைப் பிடுங்கி எறிகிறார்களா?

எண்களும் இதையே சொல்கின்றன. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2009 முதல் 2016 வரை அந்நாட்டு ஊடகங்களில் வந்த மின்சிகரெட் தீ மற்றும் வெடிப்புச் சம்பவங்கள் 195. காயமடைந்தவர்கள் 133 பேர், அதில் 38 பேருக்குப் பலத்த காயம். 61 சம்பவங்கள் கருவியோ உதிரி பேட்டரியோ சட்டை, பேன்ட் பையில் இருந்தபோது நடந்தவை. அந்த நேரத்தில் யாரும் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கவில்லை. 2018-இல் ஃபுளோரிடாவில் ஒருவரும் 2019-இல் டெக்சாஸில் ஒருவரும் இத்தகைய வெடிப்பில் இறந்தார்கள். டெக்சாஸ்காரருக்கு வயது 24.

தடை போட்டால் தீர்ந்ததா?

இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே சட்டப்படி தடை. முதல் முறை குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதனால் "நமக்கு எதற்கு இந்தக் கணக்கு?" என்று கேட்கத் தோன்றும்.

சட்டம் கருவியைத் தடுக்கிறது, செல்லைத் தடுக்கவில்லை. தடுக்கவும் முடியாது. அதே 18650 டார்ச்சில் இருக்கிறது, பவர் பேங்கில் இருக்கிறது, கல்லூரி மாணவர் செய்யும் ரோபோவிலும் டிரோனிலும் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் உதிரியாகக் கேட்டாலும் கிடைக்கும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து பவர் பேங்க் செய்வது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் இதைத்தான் எச்சரித்தது: இந்த செல்கள் பேட்டரித் தொகுப்புகளுக்குள் போக வேண்டிய தொழிற்சாலை உதிரிபாகங்கள், தனியாக மக்கள் வாங்கிப் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஆகவே நியாயம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். விற்பவர் பக்கம்: பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத கருவியை, எந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தாலும், "அனுபவசாலிகளுக்கு மட்டும்" என்று ஒரு வரி அச்சடித்து விற்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. செல்லின் மேல் கொள்ளளவைப் பெரிதாகப் போட்டு ஆம்பியரைப் போடாமல் விடுவது அரை உண்மை. வாங்குபவர் பக்கம்: உறை கிழிந்த செல்லைத் தூக்கி எறிய யோசிக்கக் கூடாது, உதிரி செல்லைப் பிளாஸ்டிக் பெட்டியில்தான் வைக்க வேண்டும், ஆம்பியர் எவ்வளவு என்று தெரியாத செல்லை எதிலும் போடக் கூடாது.

பாடப் புத்தகத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஓம் விதியை பல்பையும் ரெசிஸ்டரையும் வைத்து மட்டும் சொல்லித்தந்தால் அது பரீட்சையோடு போய்விடும். ஒவ்வொரு மாணவரின் பையிலும் ஒரு லித்தியம் பேட்டரி இருக்கும் காலம் இது. அதை வைத்தே சொல்லித்தந்தால் 4.2-ஐ 0.1-ஆல் வகுத்தால் என்ன வரும் என்பது மதிப்பெண்ணுக்கான கேள்வியாக மட்டும் இருக்காது. யாரோ ஒருவருடைய கையையும் முகத்தையும் காப்பாற்றும் கேள்வியாகவும் இருக்கும்.