ஓணானுக்கு டப்பா வேண்டாம்

வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டு, குத்துது குடையுதுன்னு கத்துன கதையை நம்ம பாட்டிமார் சொல்லாத நாளில்லை. இப்போது மடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் டப்பா. யாரும் கத்துவதுமில்லை. வீடியோ எடுத்துப் போட்டுவிட்டு, "இதுக்கு என்ன திங்க குடுக்கணும் மச்சான்?" என்று கேட்கிறார்கள். கேட்டால் ஒரே பதில்: "நல்லா பாத்துக்கிட்டா என்ன தப்பு?"

சரி, நல்லா பார்த்துக்கொள்வது என்றால் என்ன? அதையே முதலில் பேசுவோம்.

பகலில் திரியும் ஓணானுக்கு வெயிலில் இருக்கும் புறஊதா-பி கதிர் வேண்டும். அது இருந்தால்தான் உடம்பில் டி3 விட்டமின் உருவாகும். டி3 இருந்தால்தான் தின்ற கல்சியம் உடம்பில் சேரும். இல்லாவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கும். தாடை மெதுக்கும், கால் வளையும், முதுகு கோணும். ஜன்னல் ஓரமாக டப்பாவை வைத்தால் போதாதா? போதாது. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதற்கென்று விற்கும் விளக்கை வாங்கினாலும், வெளிச்சம் அப்படியே இருக்க, கதிர் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். வெட்டுக்கிளியும் புழுவும் மட்டும் போட்டால் பொஸ்பரஸ் கூடி கல்சியம் குறையும். கல்சியப் பொடி தூவ வேண்டும். பல ஓணான்கள் கிண்ணத்துத் தண்ணீரைத் தொடாது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். டப்பாவின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருக்க வேண்டும். காட்டில் பிடித்ததென்றால் வயிற்றில் ஒட்டுண்ணி இருக்கும். பயத்தில் உடம்பு தளர்ந்ததும் அது பெருகும். அப்போது எந்த மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது?

இதையெல்லாம் செய்ய முடிந்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். சிறுத்தைப் பல்லி போன்றவை பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்பவை. அதைக் காட்டி நம்ம மலையின் ஓணானைப் பிடிப்பதற்கு நியாயம் சொல்லக் கூடாது.

நம்ம மலைநாட்டில் இருப்பவை வேறு எங்கும் இல்லாதவை. மூக்கில் கொம்புள்ள செரட்டோஃபோரா, வாலால் கொப்பைச் சுற்றிப் பிடிக்கும் கொஃபோட்டிஸ் என்ற குள்ள ஓணான், தொட்டால் செத்தது போல் கிடக்கும் லைரியோசெஃபலஸ். மூன்று பேரினமும் இலங்கைக்கு மட்டுமே உரியவை. கொஃபோட்டிஸ் முட்டையிடாது, குட்டி போடும். ஹோர்ட்டன் சமவெளி, ஹக்கலை பக்கத்துக் குளிருக்குப் பழகியது. வறண்ட நிலத்துப் பல்லிக்குச் சொன்ன சூட்டு விளக்கை இதற்கு மாட்டினால், அது வளர்ப்பா? கொலை.

இவற்றை விற்பனைக்குப் பிடிப்பதும் கடத்துவதும் இலங்கைச் சட்டப்படி குற்றம். ஆனாலும் ஐரோப்பியச் சந்தைகளில் விற்றன. இங்கிருந்து திருடிப் போனதானாலும் அங்கே விற்பதைத் தடுக்க அப்போது சட்டம் இருக்கவில்லை. "கூண்டில் பிறந்தது" என்று ஒரு சீட்டு ஒட்டினால் போதுமாக இருந்தது. அதனால்தான் இலங்கை சைட்டிஸ் மாநாட்டுக்குப் போனது. 2019 மே மாதம் கொழும்பில் நடக்கவிருந்த அந்த மாநாடு, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஓகஸ்டில் ஜெனீவாவில் நடந்தது. கொஃபோட்டிஸின் இரண்டு இனங்களும், நக்கிள்ஸில் வாழும் டெனன்டி உட்பட கொம்பு ஓணானில் மூன்று இனங்களும் முதல் பட்டியலில் சேர்ந்தன. லைரியோசெஃபலஸும் மற்ற இரண்டு கொம்பு ஓணான்களும் இரண்டாம் பட்டியலில், காட்டில் பிடித்ததை விற்க ஒன்றுகூட அனுமதியில்லை என்ற நிபந்தனையோடு.

"லயத்துல மனுசனுக்கே ஒழுங்கா வீடில்ல, ஓணானுக்கு வக்காலத்தா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்த மலையைப் பாருங்கள். காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்கள் யாருடைய உழைப்பில் நட்டார்கள்? கொழுந்து எடுத்த கைக்குச் சில்லறை, ஏலத்தில் விற்றவனுக்கு இலாபம். ஓணான் வியாபாரமும் அதே கணக்குதான். பிடித்துக் கொடுக்கும் தோட்டத்துப் பையனுக்குக் கைச்செலவுக் காசு, மாட்டினால் பொலிஸும் வழக்கும் அவனுக்கே. யூரோவில் எண்ணுபவன் பெயர் வெளியே வராது. மலையிலிருந்து மலிவாக எடுத்துத் தூரத்தில் விலையாக விற்கும் வேலைக்கு நாம் இன்னொரு முறை கூலியாகப் போகத் தேவையில்லை. வீட்டுக்காகப் போராடுவதும் இதை மறுப்பதும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பவை அல்ல.

ஆசை இருந்தால் பாருங்கள், படம் எடுங்கள், தமிழில் பெயரோடு எழுதி வையுங்கள். அரிய இனமென்றால் இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள்; கடத்துபவனும் நம்ம பதிவைப் படிக்கிறான். நமுனுகுலை அடிவாரத்தில், கவ்வாத்து மலைக்கும் ஓடைக்கும் நடுவில் மிச்சமிருக்கும் காட்டுத் துண்டு வெட்டப்படும்போது கேள்வி கேளுங்கள். ஓணானை நல்லா பார்த்துக்கொள்ள நம்மால் முடிந்த வழி அதுதான். விளக்கும் பொடியும் இல்லாமல் அங்கே அது நல்லாவே இருக்கிறது.