சின்னசேலத்தில் ஒரு டிரையத்லான்: கால் இருக்கு, சைக்கிள் இருக்கு, தண்ணி எங்கே?

டிரையத்லான் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். நீந்த வேண்டும், கரையேறி ஈரத்தோடு சைக்கிள் மிதிக்க வேண்டும், சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். நடுவில் ஓய்வு கிடையாது. ஷூ மாட்டுகிற நேரம்கூடக் கணக்கில் சேரும். 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து இது ஒலிம்பிக் விளையாட்டு. அங்கே 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். அதில் சரிபாதிக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர்: 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிப்பார்கள். அயர்ன்மேன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் செய்வது 3.8, 180, 42.2 கி.மீ. அவர்களும் நம்மைப் போல சோறுதான் தின்கிறார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம் :)

இந்த ஸ்பிரிண்ட் தூரத்தை நானும் இரண்டு நண்பர்களும் தை மாதத்தில் சின்னசேலத்திலேயே முடித்தோம். எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை. மெடல் இல்லை, பேனர் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை. சித்தப்பா தோட்டத்துக் கிணற்றில் நீச்சல், கச்சிராயபாளையம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பி சைக்கிள், கிணற்று மேட்டிலிருந்து ஊர் வரைக்கும் போய் வந்து ஓட்டம். எனக்கு ஆன நேரம் 1 மணி 58 நிமிடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பிரிட்டன்காரர் அலெக்ஸ் யீ இதைப்போல இரண்டு மடங்கு தூரத்தை 1 மணி 43 நிமிடம் 33 விநாடியில் முடித்தார். ஆக, ஒலிம்பிக் கமிட்டி என்னைத் தேடி வராது. பயப்பட வேண்டாம்.

எங்கள் வீரப்பிரதாபத்தைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாலு மாசம் பயிற்சி செய்ததில் ஒரு விஷயம் மண்டையில் நன்றாக ஏறியது. அதைச் சொல்லத்தான்.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு 'கீ ஃபேக்டர்' ஞாபகம் இருக்கும். ஒரு தொழிற்சாலையில் மெஷின் இருக்கு, ஆள் இருக்கு, ஆர்டர் இருக்கு, மூலப்பொருள் மட்டும் தட்டுப்பாடு என்றால், பட்ஜெட்டை அந்த மூலப்பொருளிலிருந்துதான் போட ஆரம்பிக்க வேண்டும். எது குறைவோ அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். டிரையத்லான் என்றதும் எல்லாரும் கேட்பது "சைக்கிள் லட்ச ரூபாய் ஆகுமாமே?" என்றுதான். கீ ஃபேக்டர் சைக்கிள் என்று நினைக்கிறார்கள். நம் ஊரைப் பொறுத்தவரை அது தவறு. நமக்குத் தட்டுப்பாடு தண்ணீர். சரியாகச் சொன்னால், பயமில்லாமல் இறங்கி நீந்தக்கூடிய தண்ணீர்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓட்டத்துக்கு ஒரு ஜோடி ஷூ போதும். போலீஸ் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் தயாராகிறவர்கள் விடியற்காலை நாலரைக்கே ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டால் கோச் தேவையில்லை, நாய் தொல்லையும் குறைவு.

சைக்கிளுக்கு, அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குக் கொடுக்கிறார்களே, அதே இலவச சைக்கிள்தான். கியர் கிடையாது, எடையும் ஜாஸ்தி. ஆனால் 20 கி.மீ. போய்ச் சேரும். கேரியரையும் ஸ்டாண்டையும் கழற்றினோம், செயினுக்கு எண்ணெய் போட்டோம், காற்றைக் கல்லு மாதிரி அடித்தோம், சீட்டைக் கொஞ்சம் ஏற்றினோம். மொத்தச் செலவு இரண்டு பரோட்டாவை விடக் கம்மி. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் அரவைப் பருவத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக வரும். அது ஒன்றுதான் ஜாக்கிரதை. கல்வராயன் மலைப் பக்கம் ஏறிப் பழகலாம் என்று ஒருநாள் கிளம்பினோம். வெள்ளிமலை ரோட்டின் ஏற்றத்தில் கியர் இல்லாத சைக்கிளைப் பாதி தூரம் தள்ளிக்கொண்டு போனோம். அதுவும் பயிற்சிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடினால் கால் நம்முடைய கால் மாதிரியே இருக்காது, ஏதோ வாடகைக்கு எடுத்தது போல இருக்கும். மிதித்து மிதித்து ஒரே அசைவுக்குப் பழகிய தசை வேறு அசைவுக்கு மாற நேரம் எடுக்கிறது. வாரம் ஒருநாள் சைக்கிளையும் ஓட்டத்தையும் சேர்த்துச் செய்தால் பழகிவிடும். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது.

இந்த இரண்டுக்கும் மனசும் அதிகாலை அலாரமும் போதும். மூன்றாவதுக்கு அது போதாது.

எங்கள் அப்பா தலைமுறையில் நீச்சல் தெரியாத பையன் அபூர்வம். முதுகில் சுரைக்குடுக்கையோ காலி டின்னோ கட்டி, கயிறு போட்டுக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். ஒரு கோடை விடுமுறையில் நீச்சல் வந்துவிடும். அப்போது தோட்டத்துக்குத் தோட்டம் கிணற்றில் தண்ணீர் கிடந்தது. பிறகு போர்வெல் வந்தது. நிலத்தடி நீர் கீழே போகப் போக, கிணறுகள் வற்றிக் குப்பைக் குழியாகின. சிலதை மண் போட்டு மூடியே விட்டார்கள். ஆறு அங்குலக் குழாய்க்குள் யாரும் நீச்சல் பழக முடியாது. விவசாயத்தில் வந்த மாற்றம் ஒரு தலைமுறையின் நீச்சலையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. இதை யாரும் நஷ்டக் கணக்கில் எழுதவே இல்லை.

எங்களுக்குக் கிடைத்த கிணறு அதிர்ஷ்டம். நீளம் சுமார் 12 மீட்டர். 750 மீட்டருக்கு 63 தடவை குறுக்கே போக வேண்டும். எண்ணிக்கை தவறாமல் இருக்க மேலே ஒருத்தர் புளியங்கொட்டை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் பயிற்சிக் காலண்டரைப் போட்டது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறியது, பங்குனியில் இறங்கிவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

கிணற்று நீச்சலுக்கும் இந்த நீச்சலுக்கும் வித்தியாசம் உண்டு. நாம் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு நீந்திப் பழகியவர்கள். தலை தூக்கினால் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்தால் ஒவ்வொரு கை வீச்சும் தண்ணீரை உடைத்துத் தள்ளவே செலவாகும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை உள்ளேயே மெதுவாக விட்டு, பக்கவாட்டில் லேசாகத் திரும்பி இழுக்க வேண்டும். கேட்க ஈசி. இதற்கு மட்டும் எங்களுக்கு இரண்டு மாசம்.

பாதுகாப்புக்கு நாங்கள் வைத்த விதிகள் நாலு. மோட்டார் மெயின் ஸ்விட்சை அணைக்காமல் யாரும் இறங்கக் கூடாது. மேலே எப்போதும் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர், கையில் கயிறும் காற்றடித்த லாரி ட்யூபும். தனியாக இறங்கவே கூடாது. குதிக்கக் கூடாது, படி வழியாகத்தான். இதெல்லாம் ரொம்ப ஓவர் என்று சிரித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களில் திடீர் மரணம், இதயம் நின்றுபோதல், விபத்து மரணம் என 135 சம்பவங்களை ஆராய்ந்து 2017-ல் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. அதில் 90 நடந்தது நீச்சலின்போது. படகும் மருத்துவரும் நிற்கிற இடத்திலேயே இப்படி என்றால், நம் கிணற்று மேட்டில் ஒரு கயிறு வைப்பது ஓவர் இல்லை.

சரி, மூன்று பசங்க கிணற்றில் நீந்திவிட்டோம். கதை முடிந்ததா? இல்லை. எங்களோடு ஆரம்பத்தில் நாலாவதாக ஒரு வகுப்புத் தோழியும் சேர்ந்தார். 5 கி.மீ. ஓட்டத்தில் எங்கள் மூன்று பேரையும் விட அவர்தான் வேகம். சைக்கிளிலும் குறையில்லை. ஆனால் அவருக்கு நீச்சல் தெரியாது. கற்றுக்கொள்ள இடமும் இல்லை. பையன்கள் டவுசரோடு குதிக்கிற கிணற்றில் பெண் பிள்ளை இறங்குவதை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கற்றுக்கொடுக்க ஒரு பெண் வேண்டும், மறைவாக உடை மாற்ற ஓர் அறை வேண்டும், தைரியமாக இறங்க இடுப்பளவுத் தண்ணீர் வேண்டும். மூன்றும் எங்களிடம் இல்லை. எங்களில் நன்றாக ஓடக்கூடியவர் தை மாதம் அன்று வெறும் ஓட்டத்தை மட்டும் ஓடினார். முதல் ஆளாக வந்து தண்ணீர் குடித்தார். டிரையத்லான் முடித்தவர் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், அவரால் சொல்ல முடியவில்லை. இந்தக் கணக்கு எனக்கு டேலி ஆகவே இல்லை.

விளையாட்டை விட்டுவிடுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல். ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல். லீவு விட்டால் ஏரியிலும் குட்டையிலும் பிள்ளைகள் போன செய்தி நமக்கு ஒன்றும் புதிதில்லை. நாம் உடனே செய்வது "இங்கே குளிக்கத் தடை" என்று போர்டு வைப்பது. போர்டு நீச்சல் சொல்லித் தராது.

"கோமுகி அணை பக்கத்திலேயே இருக்கே, அங்கே பழகுங்களேன்" என்பார்கள். அணை பழகுகிற இடம் இல்லை. அடியில் சேறு, திடீரென்று ஆழம், கைக்கு எட்டுகிற மாதிரி பிடிமானம் கிடையாது. மலை அருவிகளும் அப்படித்தான், பாறையும் சுழலும். தண்ணீர் இருப்பது வேறு, பழகத் தகுந்த தண்ணீர் இருப்பது வேறு. பாரிஸ் ஒலிம்பிக்கே இதற்கு உதாரணம். சேன் நதியைச் சுத்தம் செய்ய 1.4 பில்லியன் யூரோ செலவழித்தார்கள். அப்படியும் மழை பெய்து நதி நீர் கெட்டுப்போக, ஆண்கள் டிரையத்லானை ஒருநாள் தள்ளி வைத்தார்கள். அங்கேயும் கீ ஃபேக்டர் தண்ணீர்தான்!

அதற்காக ஒலிம்பிக் சைஸ் நீச்சல்குளம் கட்டு என்று கேட்கவில்லை. கட்டினாலும் குளோரினுக்கும் பம்புக்கும் மாசாமாசம் ஆகிற செலவை நினைத்தால் இரண்டே வருஷத்தில் பூட்டு தொங்கும். நிலையான செலவு என்ன, நடப்புச் செலவு என்ன என்று பார்க்காமல் நாங்கள் பேச மாட்டோம், பி.காம். ஆச்சே :) பங்களாதேஷில் ஸ்விம்சேஃப் என்று ஒரு திட்டம். ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் ஒரு மேடை கட்டுகிறார்கள். அடியில் மூங்கில் தளம் இருப்பதால் பிள்ளைகளுக்கு ஆழம் மார்பளவுக்கு மேல் போகாது, சுற்றிலும் மூங்கில் வேலி. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து ஆசிரியர் ஆக்குகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கல்வராயன் மலையில் மூங்கில் என்ன அதிசயமா? ஒரு ஒன்றியத்துக்கு ஒரு நல்ல குளம், ஒரு மூங்கில் மேடை, சம்பளத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும், காலையில் பெண்களுக்கென்று தனி நேரம். 2019-ல் உருவான புது மாவட்டம் நம்முடையது. பழைய மாவட்டங்கள் செய்யாததை முதலில் செய்துவிட்டுப் போகலாமே.

"இதெல்லாம் பணக்காரன் பொழுதுபோக்கு, கோவாவில் நடப்பது" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். கோவாவில் 2019-ல் முதன்முதலாக அயர்ன்மேன் 70.3 நடந்தது, அதற்குப் போக நிறைய செலவாகும் என்பதும் நிஜம். ஆனால் முதல் அயர்ன்மேன் எப்படி நடந்தது தெரியுமா? 1978 பிப்ரவரி 18, ஹவாய். ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் யோசித்தது. அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த ஒரு கடல் நீச்சல், ஒரு சைக்கிள் பந்தயம், ஒரு மாரத்தான், மூன்றையும் ஒட்ட வைத்தார்கள். 3.8, 180, 42.2 என்ற விசித்திரமான எண்கள் அப்படி வந்தவைதான். கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். கையில் இருந்ததை வைத்துத்தான் அவர்களும் ஆரம்பித்தார்கள். நம்மிடமும் ரோடு இருக்கு, சைக்கிள் இருக்கு, ஓடுகிற கால் இருக்கு.

தண்ணீருக்கும் நமக்கும் ஆகாது என்றும் சொல்ல முடியாது. ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994-ல் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயதுகூட முழுதாக ஆகவில்லை. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் பாக் நீரிணையைப் போகவர நீந்தினார். முதலில் யாரோ ஒருவர் அவர்களைப் பத்திரமான தண்ணீரில் இறக்கிவிட்டிருப்பார்கள். அந்த முதல் இறக்கம்தான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்று இல்லை.

ஆகவே தோழர்களே, டிரையத்லான் செய்ய ஆசை இருந்தால் சைக்கிள் விலையை விசாரிக்காதீர்கள். முதலில் எங்கே நீந்தலாம், மேலே யார் நிற்பார்கள் என்று விசாரியுங்கள். உங்களுக்கு நீச்சல் தெரியுமென்றால் தெரியாத ஒருவருக்குக் கயிறு பிடியுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ரோடு, தெருவிளக்கோடு சேர்த்து இந்த மூங்கில் மேடையையும் ஒரு மனுவாக எழுதிக் கொடுக்க எங்கள் நாலு பேரின் கையெழுத்து ரெடி. முதல் கையெழுத்து அந்தத் தோழியுடையது. ஐந்தாவது யார்?