மீன் தொட்டியைத் தேய்த்துக் கழுவலாமா?

கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவுவதுபோல் தொட்டியையும் கவிழ்த்து, கூழாங்கல் முதற்கொண்டு சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுகிறீர்களா? தொட்டி பளபளக்கும். ஆனால் இரண்டு நாளில் மீன் செத்து மிதந்தால் குழந்தைகளுக்கு யார் சமாதானம் சொல்வது?

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் அதை முறிக்கின்றன. நீங்கள் கழுவிக் கொட்டுவது அழுக்கை மட்டுமல்ல, அவற்றையும்தான்!

ஆகவே, வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். 40 லிட்டர் தொட்டிக்கு 10 லிட்டர் போதும். முதலில் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். ரப்பர் குழாயால் அடியிலுள்ள கசடோடு தண்ணீரை வாளியில் இறக்குங்கள். பஞ்சை அந்த வாளித் தண்ணீரிலேயே அலசி, லேசாகப் பிழியுங்கள். குழாயடிக்குக் கொண்டு போகாதீர்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் மீனுக்கும் ஆகாது, நுண்ணுயிருக்கும் ஆகாது. புதிதாக விடும் தண்ணீரை முதல் நாளே அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தால் அது போய்விடும்.

வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள், நல்ல உரம்!