கடுந்தமிழ் என்னும் சாட்டு

கந்தபுராணம் இனிப் படிக்க முடியாத நூல் என்றொரு தீர்ப்பு கற்றோர் பலரால் கூச்சமின்றி வழங்கப்பட்டு வருகின்றது. அதன் தமிழ் கடுந்தமிழ், சொற்கள் வழக்கொழிந்தவை, செய்யுள்களோ பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை. ஆகவே கதையை எளிய வசனத்திற் சுருக்கித் தந்தாற் போதும், செய்யுளைப் பண்டிதர்க்கு விட்டுவிடலாம் என்பது அவர்தம் வாதம். இளைஞர்மீது கொண்ட பரிவுபோல இவ்வாதம் தோன்றுகின்றது. உண்மையில் அது இளைஞரின் ஆற்றலைச் சோதித்துப் பாராமலே குறைத்து மதிப்பிடுகின்றது. தமிழின் பெருங்கற்பனைக் காப்பியம் ஒன்றை அவர்களுக்கு எட்டாததாக்கியும் விடுகின்றது.

இளைஞர் கடினமான நூலைக் கண்டு அஞ்சுகின்றனர் என்பது உண்மையன்று. வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும் வாழும் ஆங்கிலங் கற்ற தமிழ் மாணவரிடையே டோல்கீனின் ‘த லோர்ட் ஒவ் த றிங்ஸ்’ வாசகர் இல்லாத நூலன்று. 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த அந்நூலிற் பழைய நடையிலமைந்த பாடல்களும், ஆசிரியரே படைத்த மொழிகளும், அரச மரபுப் பட்டியல்களும், நீண்ட பின்னிணைப்புகளும் உள. அதற்கு முன்னரே, 1922 இல், ஈ. ஆர். எடிசன் என்னும் ஆங்கிலேயர் தம் மாயக் காவியமொன்றை முந்நூறாண்டுப் பழைமையுடைய ஆங்கில நடையில் வேண்டுமென்றே எழுதினார். அந்நடை அக்கற்பனை உலகுக்குரிய அழகென்றே அதனை விரும்புவோர் போற்றுவர். ஆங்கிலத்திற் பழைமை அழகாகின்றது. தமிழிற் பழைமை மாத்திரம் குற்றமாவது எங்ஙனம்?

கைவிடுமாறு கூறப்படும் நூல் எத்தகையது? காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தைச் சேர்ந்த கச்சியப்ப சிவாசாரியர் ஆறு காண்டங்களில், 10,345 செய்யுள்களில் அமைத்த பெருங்காப்பியம் அது. 1,008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரம்பெற்ற சூரபன்மனை அதிற் காணலாம். தொட்டிற் பருவத்திலேயே சூரியனைப் பிடித்துக் கட்டிய அவன் மகன் பானுகோபனையும் காணலாம். முருகன் தூதனாகிய வீரவாகு கடல் தாண்டி, இலங்கையினுட் புகுந்து, அதற்கும் அப்பால் தென்கடலிலுள்ள வீரமகேந்திரபுரியை அடைகின்றான். ஈற்றிற் கடல்நடுவே மாமரமாய் நின்ற சூரன், வேலாற் பிளவுண்டு சேவலும் மயிலுமாகின்றான்.

இவை வெறும் வியப்புகளல்ல. சிங்கமுகன் தமையனின் தவற்றை அவன் முகத்துக்கெதிரே எடுத்துரைக்கின்றான். அவன் கேளாதபோது அவனுக்காகவே போர்க்களம் புகுந்து மடிகின்றான். சூரனின் மகன் இரணியனும் தந்தைக்கு நீதி கூறுகின்றான். ஆயின் அவனோ மீனுருக்கொண்டு கடலில் மறைகின்றான். தவறென்று அறிந்த பின்னரும் தன்னவரோடு நிற்பதா, விலகுவதா என்னும் வினா இவ்விருவரிடத்தும் இருவேறு விடை பெறுகின்றது. வசனச் சுருக்கத்திலோ, ‘சிங்கமுகன் போரில் இறந்தான்’ என்ற ஒரு வரியே எஞ்சும். எளிமையின் பெயராற் களையப்படுவது கடுஞ்சொல் மாத்திரமன்று, காப்பியத்தின் உயிருமாகும்.

கடுமை எங்கே உள்ளது என்பதையும் ஆராய்தல் வேண்டும். முதலாவது, சொற்கள் சந்தியாற் பிணைந்து நிற்றல். பதம் பிரித்து எழுதியவுடன் மலைப்பிற் பாதி நீங்கிவிடும். இரண்டாவது, ஒரே பாத்திரம் பல பெயர்களில் வருதல். வாகு என்பதும் மொய்ம்பு என்பதும் தோளையே குறிக்கும் என்று அறிந்தவர்க்கு, வீரவாகுவும் வீரமொய்ம்பனும் ஒருவரே என்பது உடனே விளங்கும். அறியாதவரோ புதிய வீரன் ஒருவன் வந்தானென மயங்குவர். இவை சில வாரப் பயிற்சியால் தீரக்கூடிய இடர்கள். நூலின் முதற்சொல்லாகிய ‘திகடசக்கரம்’ என்பதே அரங்கேற்றத்தில் இலக்கணத் தடைக்குள்ளாயிற்று என்றும், திகழ் என்பதும் தசக்கரம் என்பதும் அவ்வாறு புணர்வதற்கு வீரசோழியத்தில் விதி காட்டப்பட்ட பின்னரே தடை நீங்கிற்று என்றும் மரபுக்கதை கூறும். அரங்கேறிய அவையினரும் வினவி விடைபெற்றே இந்நூலுட் புகுந்தனர் என்பதே அக்கதையின் பொருள்.

ஈழத்தவர் இந்நூலைத் தனித்திருந்து வாசித்தாரல்லர். புராணப்படிப்பில் ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார், மற்றொருவர் பயன் சொல்லுவார், சபை கேட்டிருக்கும். எழுத்தறியாதவரும் ஆண்டுதோறும் செவிவழியாக அக்காப்பியத்தை அறிந்தனர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என்ற தொடரால் யாழ்ப்பாண வாழ்வைக் குறித்தமைக்கு அடிப்படை இதுவே. தமிழ் இடையிற் கடினமாகிவிடவில்லை. பயன் சொல்லும் குரலே அருகிவிட்டது.

ஆறுமுக நாவலரே புராணத்தை வசனமாக்கவில்லையா என வினவுவோர் உளர். ஆக்கினார், 1852 இற் பெரியபுராண வசனம் வெளிவந்தது. ஆயின் அவரே 1861 இற் திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்தார். அவரிடத்து வசனம் மூலத்துக்கு ஏறும் படி. படியைக் காட்டி மாடியை இடிக்கச் சொல்வோர் நாவலரைச் சான்றுக்கு அழைத்தல் தகாது.

இனிப் பண்டிதர் தரப்பும் குற்றமற்றதன்று. காப்பியத்தைப் பக்திக்குரிய ஏடாக மாத்திரம் போற்றி, இலக்கியமாக வினவுவோரை அவர்கள் தூரத்தில் நிறுத்தினர். அதனினும் கொடிது, புராணப்படிப்பு நிகழ்ந்த கோயில்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே புக அனுமதியாதனவும் இருந்தமை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. கந்தன் கதையைக் கேட்கவும் சிலருக்கு வாயில் திறவாதிருந்த சமூகம், அந்நூல் மக்களிடமிருந்து விலகியமைக்கு மொழியை மாத்திரம் பழித்தல் நேர்மையன்று.

ஆதலின் புராணப்படிப்பு சாதியும் சமயமும் வினவாத பொது மண்டபத்துக்கு வருதல் வேண்டும். கொழும்பில் அதற்கு இடமில்லையெனல் இயலாது. 1902 இல் தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனைப் பகுதியில் உள்ளது. 1942 இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் நூலகத்தோடு வெள்ளவத்தையில் உள்ளது. பல்கலைக்கழக மாணவர் வாரம் ஒருமுறை கூடி, பதம் பிரித்த பாடத்தை ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்ல, ஐம்பது செய்யுள் படிப்பாராயின், 207 வாரங்களில் நூல் முழுவதும் முற்றுப்பெறும். அது ஏறத்தாழ நான்காண்டு. ஒரு சிறப்புப் பட்டப் படிப்பின் காலம். பட்டத்துக்கு நான்காண்டு உழைக்கும் மாணவனுக்கு இது இயலாதென்று தீர்ப்பளிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. அத்தீர்ப்பை வழங்குவோர் முதலில் ஒரு காண்டத்தையேனும் தாம் படித்துவிட்டுப் பேசுதலே முறை.