இடிந்த வேலி

இரு மனைகளுக்கு இடையே நிற்கும் வேலி மழைக்காலத்தில் ஒரு நாள் சாய்ந்து விழுகிறது. திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் இது புதுமையன்று. கடலிலிருந்து வரும் உப்புக்காற்று முள்கம்பியைத் துருவேற்றித் தின்றுவிடும். சவுக்குக் கம்புகள் அடியில் மக்கி ஒடியும். செங்கற் சுவராயினும் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் அதன் கடைக்கால் இளகிவிடும். விழுந்தது வேலி மட்டுமாயின் அரை நாள் வேலையில் அதை நிமிர்த்திவிடலாம். ஆனால், வேலி விழுந்த அன்றே பழைய பேச்சுகள் எழுந்துவிடுகின்றன. "உங்கள் முருங்கை சாய்ந்துதானே வேலி விழுந்தது?" என்கிறார் ஒருவர். "நீங்கள் கழிவுநீரை இப்பக்கம் விட்டதால் அல்லவா மண் கரைந்தது?" என்கிறார் மற்றவர். இந்தப் பேச்சுக்கிடையே புதிய வேலியை அரை அடி தள்ளி நட்டுக்கொள்ளும் சூழ்ச்சியும் சில இடங்களில் நடைபெறுவதுண்டு.

அயலார் முரடராய் வாய்த்துவிட்டால் என் செய்வது? வாளா இருப்பதா, வழக்குக்குச் செல்வதா? பெரும்பாலோர் இவ்விரண்டில் ஒன்றையே எண்ணுகின்றனர். வாளா இருப்பவர் ஆண்டுதோறும் அரையடி இழந்து, மனத்தில் பகையை வளர்க்கின்றார். வழக்குக்குச் செல்பவர் வேலியின் விலையைப்போலப் பன்மடங்கு பொருளை இழந்து, தம் பிள்ளைகளுக்கும் அவ்வழக்கை உடைமையாக வைத்துச் செல்கின்றார்.

முதலில் தேட வேண்டியது எல்லைக்கோடு. அது எவருடைய நினைவிலும் இல்லை. "எங்கள் பாட்டனார் நட்ட பூவரசுதான் எல்லை" என்று கூறுவர். பூவரசும் பருத்துப் பக்கம் விரிந்திருக்கும், பாட்டனார் பற்றிய நினைவும் விரிந்திருக்கும். நிலத்தை அளந்து எல்லைக்கல் நாட்டுவதற்கென்றே 1923-ஆம் ஆண்டில் நில அளவை, எல்லைச் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் இன்றும் அதுவே நடைமுறையில் உள்ளது. பட்டாவும் புலப்படமும் அரசு அலுவலகத்தில் உள்ளன. உரிய கட்டணம் செலுத்தினால் நில அளவர் வந்து அளந்து காட்டுவார். அளக்கும் நாளை அடுத்த நிலத்தாருக்கும் அறிவித்தல் வேண்டும் என்பது முறை. இம்முறையைச் சிலர் வெற்றுச் சடங்காகக் கருதுகின்றனர். உண்மையில், அளத்தலினும் அறிவித்தலே பெரிது. தாம் இல்லாதபோது அளந்த எல்லையை எவரும் மனமார ஏற்பதில்லை. தாமும் உடன்நின்று சங்கிலியின் மறுமுனையைப் பார்த்தவர், தமக்கு ஓர் அடி குறைந்தாலும் முணுமுணுத்துவிட்டு அடங்குவர்.

ஆனால், எல்லைக்கல் ஒரு கேள்விக்கே விடை கூறும். கோடு எங்கே என்பதை அது காட்டும். வேலிக்குச் செலவு செய்பவர் யார் என்பதைக் காட்டாது. அந்தக் கேள்விக்கு வடசென்னையில் ஒரு சாலையே சான்றாக நிற்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி, அதன் வடக்கே, நெருங்கிய குடியிருப்பு ஒன்று இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1758-இன் இறுதியில் லாலியின் படை மீண்டும் வந்து முற்றுகையிட்டது. பகைவர் மறைந்து நின்று சுடுவதற்கு வீடுகள் இடமாகின்றன என்று கண்டு, அக்குடியிருப்பு அகற்றப்பட்டு, கோட்டைக்கு வெளியே வெற்றிடம் விடப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடம் அதுவே. இக்கோட்டுக்கு இப்பால் எவரும் வீடு கட்டலாகாது என்பதற்கு அடையாளமாக 1773-இல் ஆறு கல்தூண்களை நாட்டினர். அவற்றுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. நாள்தோறும் அவ்வழியே செல்வோருள் அதனை நோக்குவார் சிலரே.

வடக்கே பெயர்ந்த மக்கள் வாழ்ந்த புதிய நகருக்குக் காப்பு வேண்டியிருந்தது. 1769-இல் ஹைதர் அலியின் படை சென்னையின் வாயில்வரை வந்து, கும்பினியாரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தது. அதையடுத்த ஆண்டுகளில் நகரின் வடக்கிலும் மேற்கிலும் பெருமதில் எழுந்தது. அம்மதில் காப்பது நகர மக்களை. ஆதலால் செலவையும் அவர்களே ஏற்றல் வேண்டும் என்று கருதி, வரி விதிக்க ஆட்சியாளர் திட்டமிட்டனர். ஆனால், அவ்வரி வசூலாகவில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. மேற்கு மதிலை ஒட்டிச் சென்ற வழி வால்டாக்ஸ் சாலை ஆயிற்று. இதிலுள்ள 'வால்' மதிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அச்சாலைக்கு இப்போது வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டிருப்பினும், பழைய பெயர் மக்கள் நாவை விட்டு அகலவில்லை. மதிலின் எச்சம் ஒன்று பழைய சிறைச்சாலைச் சாலையை ஒட்டி, மேலே மரஞ்செடிகளைச் சுமந்துகொண்டு, மாடிப் பூங்கா என்னும் பெயரோடு நிற்கிறது.

தாமே முடிவு செய்து, தமக்கு ஏற்ற இடத்தில், தமக்கு ஏற்ற உயரத்தில் சுவர் எழுப்பிவிட்டு, "பாதிச் செலவு தாருங்கள்" என்று அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவோர் இன்றும் உளர். தாரார் எனின், அவரை முரடர் என்பர். முரட்டுத்தனம் எப்பக்கம் தொடங்கியது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இவையெல்லாம் சிறு வழக்குகள். வடசென்னையின் பெரிய வேலி வழக்கு கடற்கரையில் நூறாண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகிறது. அங்கே வேலி என்பது மணல். கடலுக்கும் ஊருக்கும் இடையே கிடக்கும் மணற்பரப்பில் அலை தன் சினத்தைத் தணித்துக்கொண்டு திரும்புகிறது. அதனால் கரையிலுள்ள குடிசை பிழைக்கிறது. அம்மணல் ஓரிடத்தில் நிலையாகக் கிடப்பதன்று. ஆண்டின் பல மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காற்று வீசும் மாதங்களில் ஓரளவு தெற்கே திருப்புகின்றன. வரவையும் செலவையும் கூட்டிக் கழித்தால், வடக்கே செல்வதே மிகுதி. இராயபுரத்துக் கரையில் கரைந்து போகும் மணலைத் தெற்கிலிருந்து வரும் மணல் ஈடு செய்து வந்தது. இயற்கை, கூலி கேளாமல் ஆண்டுதோறும் வேலி கட்டிக் கொடுத்தது.

அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிடும். ஆட்களும் பொருள்களும் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். உயிரும் பொருளும் இதில் அழிந்தன. ஆகவே, 1875-ஆம் ஆண்டின் இறுதியில் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கரையிலிருந்து கடலுக்குள் இரு கைகள்போல அலைத்தடுப்புச் சுவர்கள் நீண்டன. 1881-இல் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கடல் அடங்கியது, கப்பல் அமைதியாக நின்றது. ஆனால், தெற்கிலிருந்து வடக்கே செல்லும் மணலின் வழியில் அச்சுவர் குறுக்கே நின்றுவிட்டது.

மணல் தென்புறத்தில் தேங்கியது. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை அமைத்த மெரினா, பின்னர் ஆண்டுக்கு ஆண்டு அகன்றது. அகன்ற அம்மணலில் மாலையில் அமர்ந்து சுண்டல் தின்போர், தாம் அமர்ந்திருப்பது இராயபுரத்துக்குச் சேர வேண்டிய மணலின்மீது என்பதை அறியார். வடபுறத்தில் வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எனக் கரை பின்வாங்கிற்று. கட்டுமரம் இழுத்து வைத்த இடம், வலை உலர்த்திய இடம், வீடுகள் நின்ற தெருக்கள் ஆகியவற்றைக் கடல் கொண்டது. எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரத்தையும் அலை வந்து தின்றது.

இங்கே துறைமுகத்தைக் கொடியவனாக்குவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. வடசென்னையின் பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பு எரிந்தது அத்துறைமுகத்தால். சுவர் எழுப்பியவர் இராயபுரத்தைக் கெடுக்க எண்ணி எழுப்பினாரல்லர். கெட்ட எண்ணம் இல்லாமலே அயலாரின் வேலியை ஒருவர் உடைக்கக்கூடும் என்பதே இதில் கவனிக்க வேண்டிய செய்தி. எண்ணம் நல்லதாயிருந்தமையால் உடைந்த வேலிக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது.

அடுத்து நடந்தது இன்னும் எண்ணத் தக்கது. அரிப்பைத் தடுக்கக் கரை நெடுகக் கருங்கற்களைக் கொட்டினர். கல் நின்ற இடத்தில் கரையும் நின்றது. ஆயினும், மணலைத் தேடும் அலையின் பசி தீரவில்லை. அது கல் முடியும் இடத்திற்கு அப்பால் சென்று தின்றது. அங்கும் கல் கொட்டினர். அதற்கும் வடக்கே சென்றது. ஒரு குப்பத்தைக் காத்த கல் அடுத்த குப்பத்தின் கேடாயிற்று. காக்கப்பட்ட குப்பத்தாருக்கும் முழு நன்மை இல்லை. கற்குவியலின்மீது படகை ஏற்றுவது எவ்வாறு? வேலி நின்றது, வாசல் போயிற்று.

இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் பல இராயபுரத்துக்கும் எர்ணாவூருக்கும் இடையே அமைக்கப்பட்டன. அவற்றின் இடைவெளிகளில் மணல் சேர்ந்து, படகு நிறுத்த ஓரளவு இடம் கிடைத்தது. இது கல் கொட்டியதினும் நல்ல மருந்து என்பதில் ஐயமில்லை. ஆயினும், வளைவு பிடித்து வைக்கும் மணல் வடக்கே செல்ல இருந்த மணல் அன்றோ? 2001-இல் எண்ணூரில் மற்றொரு துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னர் அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் ஒன்று வந்தது. கடலுக்குள் நீண்ட புதிய கைகள் ஒவ்வொன்றுக்கும் வடக்கே ஓர் ஊர் இருக்கிறது. பழவேற்காடு வரையில் மணலை நம்பிய ஊர்கள் இருக்கின்றன.

அடுத்த வீட்டாரோடு வேலிச் சண்டை வந்தால், விடியற்காலையில் அவர் வாசலில் கோலம் போடும்போதாவது ஒரு சொல் பேசிப் பார்க்கலாம். துறைமுகத்திற்கு வாசற்படி இல்லை. மீனவர் எவரை எழுப்பிப் பேசுவார்? அதனால்தான் அவர்கள் சாலையில் அமர்ந்து மறிக்கின்றனர். சாலை மறியலால் இடர்ப்படுவோர் அவர்களை முரடர் என்று சலித்துக்கொள்கின்றனர். பேச இடம் கொடுத்த பின்னரும் மறித்தால் அச்சொல் பொருந்தும். அளக்கும் நாளை அடுத்த நிலத்தாருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் விதி இரண்டு செண்டு மனைக்கு இருக்கிறது. பல கல் நீளமுள்ள கரைக்கு அதைவிடக் குறைந்த விதி போதுமா? கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடைபெறுகின்றன என்பர். கூட்டத்திற்கு முன்பே வரைபடம் தமிழில் குப்பத்தாரின் கையில் இருத்தல் வேண்டும். எந்த மாதத்தில் எவ்வளவு மணல் எங்கே செல்லும் என்ற கணக்கும் அதில் இருத்தல் வேண்டும். அந்தக் கணக்கைச் சரிபார்க்கக் கரையில் நாற்பது ஆண்டு நின்றவரினும் தக்க அளவர் யார்?

இனி எர்ணாவூருக்கு வடக்கே ஒரு தூண்டில் வளைவு வேண்டும் என்று ஓர் ஊரார் கேட்டால், அதைப் பற்றிப் பேசும் இடத்தில் அவ்வூரார் மட்டும் அமர்ந்திருத்தல் போதாது. அதற்கும் வடக்கே உள்ள ஊராரையும் அழைத்து வந்து, முதற்கல் இறங்குவதற்கு முன்னரே அவர்களையும் உடன் அமர்த்துதல் வேண்டும்.