சோம்பேறி அம்மாக்களும் ரெண்டு நிமிஷமும்

மேகின்னதும் கொசுவத்தி சுத்துவேன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது கொஞ்சம் காரமான பதிவு.

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு படம் வந்துச்சு. குழந்தை நூடுல்ஸ் சாப்பிடுது, கீழே "சோம்பேறி அம்மாக்கள் ஊட்டும் விஷம்"னு வாசகம். அனுப்பினது ஒரு பெரியப்பா. ரெண்டு நாள் முன்னாடிதான் எங்கக்கா அவ பையன் மேகி சாப்பிடற போட்டோ போட்டிருந்தா. யாருக்கு விழுந்த அடின்னு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயே திறக்கலை. அக்கா சத்தமில்லாம போட்டோவை எடுத்துட்டா.

சோம்பேறியாமே! நான் வளர்ந்தது திருப்பூர்ல. அம்மா பனியன் கம்பெனில செக்கிங். காலைல எட்டரைக்குப் போனா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வீடு வர ராத்திரி ஒம்பதாகும். நின்னுக்கிட்டே பார்க்கற வேலை. நாலரைக்கு ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல நானும் அக்காவும் மட்டும்தான். சனிக்கிழமை சம்பளத்துல வாங்கி வெச்ச மேகிதான் எங்களுக்குத் துணை.

அக்கா அடுப்புப் பக்கம், நான் மசாலா பாக்கெட்டைப் பல்லால கிழிக்கற டிபார்ட்மெண்ட். ஒரு பாக்கெட், ரெண்டு வயிறு. அதனால தண்ணி ஒரு டம்ளர் கூட. நூடுல்ஸ் ரசம்னு வெச்சுக்கோங்களேன் :-) ரெண்டு நிமிஷத்துல ஒரு நாளும் வெந்ததில்லை, அது தனிக்கதை.

அது சத்தான சாப்பாடுன்னு நான் சொல்ல வரலை. மைதா, பாமாயில், உப்பு. பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல கணிசமான பங்கை ஒரே பாக்கெட் முடிச்சுடும். தினமும் சாப்பிடக் கூடாதுதான். அதைச் சொல்லுங்க, கேட்டுக்கறோம். ஆனா "விஷம்"?

2015 ஜூன்ல ஈயம் அதிகம்னு தமிழ்நாடு அரசு மூணு மாசம் தடை போட்டுச்சு. அடுத்த நாளே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் நாடு முழுக்க நிறுத்தச் சொல்லுச்சு. நான் அப்ப ப்ளஸ் டூ முடிச்சுட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் காத்திருந்தேன். "அன்னிக்கே சொன்னேன்ல"ன்னு குதிச்சவர் இதே பெரியப்பாதான். ஆகஸ்ட்ல பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து பண்ணி மறுபடி சோதிக்கச் சொன்னதும், அதுல தேறி நவம்பர்ல மேகி கடைக்குத் திரும்பினதும் அவர் காதுல விழவே இல்லை. பரிசோதனை வேணும், கண்டிப்பா வேணும். அது கம்பெனியைக் கேட்கிற கேள்வி. அம்மாவைக் கேட்கிற கேள்வி இல்லை.

1958ல ஜப்பான்ல மோமோஃபுகு ஆண்டோ இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் கண்டுபிடிச்சது சோம்பேறிகளுக்காக இல்லை. உலகப்போருக்கு அப்புறம் ஜனங்க சாப்பாட்டுக்கு வரிசைல நின்னதைப் பார்த்தவர் அவர். வேக வெச்ச நூடுல்ஸை எண்ணெய்ல பொரிச்சு ஈரத்தை எடுத்தார், அவ்வளவுதான் டெக்னிக். நம்ம பாட்டிங்க வெயில்ல வடாம் காய வெச்சதும் ஈரத்தை எடுக்கத்தானே? அதுக்குப் பேர் பாரம்பரியம், இது சோம்பேறித்தனமா?

"அந்தக் காலத்துல கம்பங்கூழ், களி"ன்னு ஆரம்பிப்பாங்க. சரிங்க, கம்பை இடிச்சது யாரு? பெரியப்பா உலக்கையைத் தொட்டுப் பார்த்திருப்பாரா? விளம்பரத்துலயும் பசிக்குதுன்னதும் ஓடி வர்றது அம்மாதான். ஃபார்வர்ட்ல திட்டு வாங்கறதும் அம்மாதான். வீட்ல அப்பான்னு ஒருத்தர் இருக்கறதே ரெண்டு பேருக்கும் தெரியாது.

இதையெல்லாம் குரூப்லயே போட்டேன். பத்து நிமிஷத்துல அம்மா போன்.

"ஏங்கண்ணு பெரியவங்ககிட்ட வம்பு?"

"அக்காவைச் சொன்னாரும்மா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவா, "தினமும் நாலரை மணியானா கை பாட்டுக்கு பனியனைப் பார்க்கும், மனசு மட்டும் நீங்க அடுப்பை அணைச்சீங்களோ என்னமோன்னு கெடந்து அடிச்சுக்கும்"னாங்க.

பெரியப்பா, நீங்க சோம்பேறின்னு சொன்னது இவங்களைத்தான். அக்கா, அந்தப் போட்டோவைத் திரும்பப் போடு.