கணினிக்கு மனிதன் எடுபிடியா?

கணினி எதற்கு? பள்ளிப் பாடப்புத்தகத்தைக் கேட்டால் பதில் உடனே வரும். வேகம், துல்லியம், சலிப்பின்மை. ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்யச் சொன்னாலும் முகம் சுளிக்காது என்று முதல் பாடத்திலேயே எழுதியிருக்கும். மாணவர்களும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

அதே மாணவர் படிப்பு முடித்து ஓர் அலுவலகத்தில் போய் உட்காருகிறார். என்ன வேலை? எக்செல் தாளில் இருந்து ஒரு பெயரைக் காப்பி செய்ய வேண்டும். இன்னொரு ஜன்னலுக்குப் போய் பேஸ்ட் செய்ய வேண்டும். திரும்பி வந்து அடுத்த கட்டத்தில் உள்ள எண்ணைக் காப்பி செய்ய வேண்டும். மறுபடி ஜன்னல், மறுபடி பேஸ்ட், பிறகு 'சேமி' பொத்தான். இப்படி 300 வரிசை. சாயங்காலம் மணிக்கட்டு வலிக்கிறது, கண் எரிகிறது. சலிப்பே தெரியாத இயந்திரம் அடுத்த க்ளிக் எப்போது வரும் என்று சும்மா காத்திருக்கிறது. சலித்துப் போகிற மனிதர்தான் இயந்திரம் மாதிரி உழைக்கிறார்!

இந்தக் கூத்தை நிறுத்தும் கருவிகள் 20 வருடத்துக்கும் மேலாக இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் முக்கியமானது ஆட்டோஹாட்கீ. கல்லூரியில் வருடக்கணக்கில் கணினி படித்தவர்களில் பலருக்கே இந்தப் பெயர் தெரியாது. அது அவர்கள் குற்றம் இல்லை. தெரியவைக்க வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லை, அதுதான் விஷயம்.

2003-இல் கிறிஸ் மாலெட் என்ற புரோகிராமர், அப்போது புழக்கத்தில் இருந்த ஆட்டோஇட் என்ற இலவச மென்பொருளில் குறுக்குவிசை வசதியைச் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னார். அங்கே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தனியாகவே எழுத ஆரம்பித்தார். அதுதான் ஆட்டோஹாட்கீ. ஜி.பி.எல். உரிமத்தில், மூலநிரலோடு வெளிவந்தது. பிற்பாடு ஸ்டீவ் கிரே என்பவர் பொறுப்பெடுத்து வளர்த்தார். 2022 டிசம்பரில் 2.0 பதிப்பு வந்தது. விலை அன்றும் பூஜ்யம், இன்றும் பூஜ்யம்.

அது செய்யும் வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, சுருக்கெழுத்து. மூன்று எழுத்தைத் தட்டினால் நான்கு வரி முகவரி தானாக விரியும். இரண்டாவது, குறுக்குவிசை. காலையில் வந்ததும் திறக்கிற ஐந்து ஃபைல்களை ஒரே விசையில் திறக்கலாம். மூன்றாவதுதான் பெரியது. மனிதர் செய்கிற வரிசையை அப்படியே அது திரும்பச் செய்யும். காப்பி, ஜன்னல் மாற்று, பேஸ்ட், அடுத்த கட்டம், 'சேமி', அடுத்த வரிசை. இதை 300 தடவை செய் என்று சொல்லலாம். எழுதுவதற்கு நோட்பேட் போதும். எளிய வேலை என்றால் சில பத்து வரிகளுக்குள் அடங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வரிசைக்கு 40 விநாடி என்றால் 300 வரிசைக்கு 12,000 விநாடி, அதாவது 3 மணி 20 நிமிடம். ஸ்கிரிப்ட் ஒரு வரிசைக்கு 4 விநாடி எடுத்தால் 20 நிமிடம். மிச்சம் 3 மணி நேரம். அதுவும் ஒருநாள் மிச்சம். வாரம் ஒருமுறை இந்த வேலை வந்தால் வருடத்துக்கு 150 மணி நேரத்துக்கு மேல்!

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் பழைய ஃபைலை ஒவ்வொன்றாகத் திறந்து, மாற்றியில் ஒட்டி, பொத்தானை அமுக்கி, வந்ததை எடுத்து வேர்டில் ஒட்டிச் சேமிக்கிற வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த மாற்றத்தின் உள்ளே இருப்பது என்ன? எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்ற ஓர் அட்டவணை. பழைய எழுத்துருவில் எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பை யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்பது போன்ற சில விதிகள். அவ்வளவுதான். அட்டவணையைப் பார்த்து மாற்றுவதை விடக் கணினிக்குப் பொருத்தமான வேலை உலகத்தில் உண்டா? அதை ஏன் ஒரு மனிதர் ஃபைல் ஃபைலாகத் திறந்து செய்ய வேண்டும்?

சரி, இவ்வளவு எளிது என்றால் ஏன் பரவவில்லை?

முதல் காரணம், கணினியை விற்றவர்களே அந்தச் சாவியைக் கொடுக்கவில்லை. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-இல் 'ரெக்கார்டர்' என்று ஒரு சின்ன மென்பொருள் இருந்தது. செய்கிற விசை அழுத்தங்களையும் மவுஸ் அசைவுகளையும் பதிவு செய்து திரும்பச் செய்து காட்டும். விண்டோஸ் 95 வந்தபோது அது காணாமல் போனது. ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்களுக்கு விண்டோஸ் 98-இல் இருந்து வேறு வழி இருந்தது. எக்செலுக்குள் வேலை செய்பவர்களுக்கு மேக்ரோ இருந்தது. ஆனால் சாதாரணப் பயனர் தான் செய்வதைப் பதிவு செய்துகொள்ளும் வசதி விண்டோஸோடு சேர்ந்து வரவில்லை. 2021-இல்தான் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குப் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் கூடுதல் கட்டணம் இல்லாமல் கொடுத்தது. இடையில் போனது 26 வருடம். அந்தக் காலத்தில் இந்த வசதியைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் மாலெட் மாதிரி தனி மனிதர்கள்.

இரண்டாவது காரணம், இதே வேலையை மேலே இருப்பவர்களுக்கு விற்றால் பணம் வரும். 'ரோபாட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன்' என்று அதற்குப் பெரிய பெயர். கேட்டால் இரும்புக் கை கால் உள்ள ரோபோ நினைவுக்கு வரும். ஆனால் உள்ளே நடப்பதில் பெரும்பகுதி அதே காப்பி, அதே பேஸ்ட், அதே க்ளிக்தான். 2005-இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரத்தில் தொடங்கிய யுஐபாத் நிறுவனம் இந்த வியாபாரத்தில் வளர்ந்து 2021 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது. நூற்றுக்கணக்கான கணினிகளை ஓர் இடத்தில் இருந்து கண்காணிப்பது, பதிவேடு வைப்பது போன்ற வசதிகள் அதில் உண்டு. பெரிய நிறுவனங்களுக்கு அவை தேவைதான், மறுக்க முடியாது. ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஆட்டோஹாட்கீயில் வேலை செய்கிறவர் தன் வேலையைக் கணினியிடம் கொடுக்கிறார். அங்கே மேலதிகாரி அவருடைய வேலையை எடுத்துக் கணினியிடம் கொடுக்கிறார். செயல் ஒன்று, சாவி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் உள்ள வேலையும் போய்விடும்" என்று பயப்படுகிறவர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும். பயம் நியாயமானது. 3 மணி நேர வேலை 20 நிமிடத்தில் முடிகிறது என்று தெரிந்தால் முதலாளி நான்கு பேரை ஒருவராகக் குறைக்கலாம். ஆனால் கீழே இருப்பவர் கற்றுக்கொள்ளாமல் இருந்தால் அது நடக்காதா? கற்றுக்கொள்ளாத அலுவலகத்துக்குத்தான் வெளியில் இருந்து ஒரு கம்பெனி வருகிறது. ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து "நீங்கள் என்ன செய்கிறீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்" என்று குறிப்பெடுத்துக்கொண்டு போகிறது. எந்த வரிசையில் தேதி தலைகீழாக வரும், எந்தக் கிளையின் கணக்கில் எப்போதும் ஒரு கட்டம் காலியாக இருக்கும் என்பதெல்லாம் அந்த வேலையை வருடக்கணக்கில் செய்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவை ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருப்பவர் பேரம் பேச முடியும். இன்னொருவருக்கு வாய்மொழியாகச் சொல்லிவிட்டவர் என்ன பேசுவார்?

மிச்சமான நேரம் யாருக்கு என்பதுதான் உண்மையான சண்டை. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் டேட்டா என்ட்ரி ஊழியருக்கு அந்த நேரம் நேரடியாகப் பணம். மாதச் சம்பளக்காரருக்கோ சீக்கிரம் முடித்தால் இன்னொரு கட்டு தாள்தான் பரிசு. ஆகவே பலர் ஸ்கிரிப்டை ஒளித்து வைக்கிறார்கள். திறமையை ஒளித்து வைக்கச் செய்கிற அலுவலகம் எப்படிப்பட்ட அலுவலகம்? 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகையில் வேலை நடப்பது போலப் போலியாகக் காட்டியதாகச் சொல்லிப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியது. ஏமாற்றியது தவறுதான். ஆனால் விசை தட்டும் எண்ணிக்கையை உழைப்பாக அளக்கிற முறை இருக்கும் வரை, தட்டுவதற்கு ஒரு கருவியை வைக்கிற ஆளும் இருப்பார். வேலை முடிந்ததா என்று பார்ப்பதை விட்டு மவுஸ் அசைந்ததா என்று பார்ப்பது வேடிக்கை.

அடுத்த ஆட்சேபம், "வைரஸ் வரும்". இதிலும் உண்மை உண்டு. 2000 மே மாதத்தில் உலகத்தையே ஆட்டிவைத்த ஐலவ்யூ வைரஸ் ஒரு ஸ்கிரிப்ட்தான். ஆட்டோஇட், ஆட்டோஹாட்கீ இரண்டிலும் தீய மென்பொருள்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒழுங்கான ஸ்கிரிப்டைக்கூட சில ஆன்டிவைரஸ்கள் சந்தேகப்படுவது அதனால்தான். ஆனால் ஐலவ்யூ எப்படிப் பரவியது? உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் காதல் கடிதம் என்று நம்பித் திறந்ததால். ஸ்கிரிப்ட் என்பது திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்து. படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். யாரோ அனுப்பிய ஓட்டத் தயாரான ஃபைலைத் தடை செய்யட்டும், நியாயம். ஊழியர் தானே எழுதிய, எவரும் திறந்து படிக்கக்கூடிய 15 வரியையும் சேர்த்துத் தடை செய்வது சோம்பேறித்தனம்.

"தப்பாக எழுதினால் ஆயிரம் ஃபைல் அழிந்துவிடுமே?" ஆமாம், அழியும். மனிதர் ஒரு மணி நேரத்தில் செய்யும் தப்பை ஸ்கிரிப்ட் ஒரு நொடியில் செய்யும். அதனால் முதலில் நகல் ஃபோல்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஐந்து வரிசையில் சோதித்த பிறகே ஐந்நூறுக்குப் போக வேண்டும், எஸ்கேப் விசையை அமுக்கினால் நிற்கிற மாதிரி முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். சைக்கிள் கற்றுக்கொடுப்பவர் பிரேக்கையும் காட்டுவார். விழுந்துவிடுவான் என்று சைக்கிளைப் பூட்டி வைப்பதில்லை.

கடைசியாக, இப்போது புதிதாக வந்திருக்கும் ஆட்சேபம். "செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி ஸ்கிரிப்ட் எதற்கு?" உண்மையில் அது ஸ்கிரிப்டின் தேவையைக் கூட்டியிருக்கிறது. சொன்னால் அதுவே ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறது, எழுதுகிற கஷ்டம் பாதி குறைந்துவிட்டது. ஆனால் எழுதித் தந்தது சரியா என்று பார்க்கப் படிக்கத் தெரிய வேண்டும். தவிர, ஒரே மாதிரி 300 தடவை செய்ய வேண்டிய வேலைக்கு ஒவ்வொரு தடவையும் யோசிக்கிற கருவி எதற்கு? எழுதி வைத்த ஸ்கிரிப்ட் முதல் வரிசைக்குப் பயன்படுத்திய அதே விதியைத்தான் முந்நூறாவது வரிசைக்கும் பயன்படுத்தும். இணையம் வேண்டாம், சந்தா வேண்டாம், யாருடைய தகவலும் கணினியை விட்டு வெளியே போக வேண்டாம்.

கல்வி நிலையங்கள் இதில் தப்பித்துக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் இயந்திரத்தைக் கொடுத்தது. ஏழை வீட்டுக்குள் கணினி போனது சின்ன விஷயம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் பைத்தான் வந்திருப்பதும் நல்லதுதான். ஆனால் ஆய்வகத் தேர்வில் பகா எண் கண்டுபிடிக்கும் நிரலை எழுதி முழு மதிப்பெண் வாங்கும் மாணவர், வீட்டுக்குப் போய் அக்கா கல்யாண ஃபோட்டோ 600-க்கும் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் பாடம் எங்கே போய்ச் சேர்ந்தது? நிரல் என்றால் தேர்வுக்கு எழுதுவது, வேலை என்றால் கையால் செய்வது என்று மனதில் இரண்டு அறை கட்டி நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள்.

அந்தச் சுவரை இடிக்கப் புதிய பட்டப்படிப்பு தேவையில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும், கலைப் பிரிவு வணிகப் பிரிவு உட்பட, இரண்டு மணி நேர ஆய்வக வகுப்பு ஒன்று போதும். மாணவர் தன் சொந்த வேலை ஒன்றைக் கொண்டுவர வேண்டும், அதைத் தானாக ஓடவைத்துக் காட்ட வேண்டும். விண்டோஸ் என்றால் ஆட்டோஹாட்கீ. லினக்ஸ் என்றால் 1970களில் இருந்தே இருக்கும் ஷெல்லும் க்ரானும். மேக் என்றால் 2005-இல் வந்த ஆட்டோமேட்டர். எதற்கும் காசு இல்லை. அலுவலகங்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளிது. ஊழியர் எழுதும் ஸ்கிரிப்டை வெளிப்படையாக வைக்க ஒரு ஃபோல்டர் கொடுங்கள், கணினிப் பிரிவு படித்துப் பார்க்கட்டும், மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கு எழுதியவருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இது எதுவும் நடக்காவிட்டால்? அப்போதும் ஆட்டோமேஷன் வரும். மேலே இருந்து, விலைச்சீட்டோடு, ஆட்குறைப்புப் பட்டியலோடு வரும். அது வந்து சேர்வதற்குள் அந்த 300 வரிசைக்காரர் தன் 15 வரியைத் தானே எழுதியிருக்க வேண்டும்.